அக்னஸ் டி சில்வாவும் பெண்களின் அரசியற் பிரவேசமும்: கலகெதர முதல் மேற்கு ஆபிரிக்கா வரை

இலங்கையின் அரசியலமைப்பு வளர்ச்சி பற்றி எழுதப்பட்ட நூல்களிற் பெரும்பாலானவை, 1931ஆம் ஆண்டிற் கிடைத்த சர்வசன வாக்குரிமையினை டொனமூர் ஆணைக்குழுவினர் தாமாக விரும்பியளித்த கொடையாகவே காட்டுவன. இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவர்கள் அதனைக் கேட்கவில்லை என்பதும், அவர்களுட் பலர் அதற்கு அஞ்சினர் என்பதும் உண்மையே. எனினும் எவருமே அதனைக் கேட்கவில்லை என்று கூறுதல் பொருந்தாது. 1927ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் திகதி கொழும்பில் அமைக்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அதனைக் கேட்டது. அமைக்கப்பட்டுச் சில வாரங்களே கழிந்திருந்த நிலையில், அச்சங்கத்தின் தூதுக்குழு ஆணைக்குழுவின் முன் தோன்றிச் சாட்சியமளித்தது. சங்கத்தின் தலைவி சீமாட்டி டயஸ் பண்டாரநாயக்கா. செயலாளர் கண்டியைச் சேர்ந்த அக்னஸ் டி சில்வா.

அச்சாட்சியத்தின்போது டொனமூர் பிரபு கேட்ட வினா ஒன்று சிறப்பாக நோக்கற்பாலது. தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண் தொழிலாளருக்கும் வாக்குரிமை அளிக்கப்படல் வேண்டுமென்று சங்கம் கருதுகின்றதா என அவர் வினவினார். நிச்சயமாக, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்னும் பொருள்பட அக்னஸ் விடையிறுத்தார். ஒரு கணத்தில் முடிந்துபோன இவ்வுரையாடலை இலங்கைப் பெண்களின் வரலாற்றினை ஆராய்ந்தோர் குறிப்பிட்டுச் செல்வதுண்டு. ஆனால் மலையகத் தமிழரின் வாக்குரிமை வரலாற்றை எழுதியோர் அதற்குரிய இடத்தை அளித்திலர். தமிழர் சார்பிற் பேசுவதற்கென்று சென்றவர்களே கூறத் தயங்கிய ஒன்றினைக் கண்டி நகரத்துப் பறங்கிப் பெண்மணி ஒருவர் கூறினார் என்பது எளிதிற் கடந்துபோகத் தக்கதன்று.

வினா எழுப்பிய ஆணைக்குழுவின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. நால்வர் கொண்ட அக்குழுவில் டொனமூர் பிரபுவுடன் சேர் ஜெப்ரி பட்லர், தொழிற்கட்சியைச் சேர்ந்த வைத்தியரான டிரமண்ட் ஷீல்ஸ், சேர் மத்தியூ நேதன் ஆகியோர் இடம்பெற்றனர். நேதன் இலங்கைக்கு வருமுன் சியரா லியோனிற் பதில் ஆளுநராகவும், பின்னர் கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில் ஆளுநராகவும் பணியாற்றியவர். 1900ஆம் ஆண்டில் அசாந்தி மக்கள் யா அசாந்தேவா என்னும் அரசியன்னையின் தலைமையிற் பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற ஆண்டின் இறுதியிலேயே அவர் அங்கு பதவியேற்றார். அவ்வரசியன்னை சீசெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். கண்டியின் இறுதி மன்னனை வேலூருக்கு அனுப்பிய அதே ஆட்சிமுறைதான் இது. மேற்கு ஆபிரிக்கப் பெண்களைப் போர்க்களத்தின் மறுபுறத்தில் அறிந்திருந்த ஆட்சியாளர் ஒருவர், கொழும்பில் மேசைக்கு எதிர்ப்புறத்தில் அமர்ந்து வாக்குரிமை கேட்ட பெண்களைச் சந்தித்தார் எனலாம். இவ்விரு நிலங்களின் பெண்கள் அரசியலுட் புகுந்த வழிகள் பின்னரும் ஒப்புநோக்கத் தக்கனவாய் அமைந்தன.

அக்னஸ் 1885ஆம் ஆண்டில் நெல் என்னும் பறங்கிக் குடும்பத்திற் பிறந்தவர். கல்வியிலும் அறிவியல் நாட்டத்திலும் பெயர்பெற்ற குடும்பம் அது. அக்குடும்பத்தைச் சேர்ந்த வினிபிரெட் நெல் இலங்கையின் முதற் பெண் வைத்தியர்களுள் ஒருவர். இத்தகைய குடும்பத்துப் பெண் ஒருவர் தம் சமூகத்திற்கு வெளியே, சிங்களவரான ஜோர்ஜ் ஈ. டி சில்வாவைப் பெற்றோரின் விருப்பத்திற்கு மாறாக மணந்தமை அக்காலத்திற் சிறிய செய்தியன்று. மாத்தறையில் 1879இற் பிறந்து கண்டியிற் சட்டத்தரணியாகத் தொழில்செய்த ஜோர்ஜ், கண்டியின் பிரபுக் குடும்பங்களால் ஏற்றுக்கொள்ளப்படாதவர். அதனாலேயே எளிய மக்களால் 'எங்கள் ஜோர்ஜ்' என உரிமையுடன் அழைக்கப்பட்டவர். இனம், குலம் என்னும் இரு வேலிகளையும் தாண்டிய இல்லறம் அவர்களுடையது. எல்லாப் பெண்களுக்கும் வாக்கு என்னும் விடை அக்னஸின் நாவில் அவ்வளவு விரைவாக எழுந்தமைக்கு இவ்வாழ்க்கைப் பின்னணியும் ஒரு காரணமாகலாம்.

வாக்குரிமை பற்றிய அவரின் சிந்தனை ஒரே நாளில் உருவானதன்று. 1925ஆம் ஆண்டிலே தேசிய காங்கிரஸ் மாநாட்டில், பெண்களுக்கு வரையறுக்கப்பட்ட வாக்குரிமை விரைவில் அளிக்கப்படல் வேண்டுமென்ற தீர்மானத்தை அசிலின் தோமஸ் முன்மொழிய, அக்னஸ் வழிமொழிந்தார். 'வரையறுக்கப்பட்ட' என்னும் அடைமொழியினைக் கவனித்தல் வேண்டும். அக்காலத்தில் இலங்கை மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரே வாக்காளர், அவர்களும் ஆண்களே. அயலிற் சென்னை மாகாணத்தில் 1921 முதற் பெண்கள் வாக்களித்து வந்தனராயினும், அது சொத்துத் தகைமை உடையோருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. கற்ற பெண்கள், சொத்துள்ள பெண்கள் என்ற கோரிக்கையிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்களையும் உள்ளடக்கிய கோரிக்கைக்கு அக்னஸ் மூன்றாண்டுக்குள் வந்து சேர்ந்தார். இம்மூன்றாண்டு நகர்வே அவரைத் தம் காலத்துச் சீர்திருத்தவாதிகளிலிருந்து வேறுபடுத்துவது.

எதிர்ப்புக் குரல்களுள் தமிழ் வாசகர் மறத்தற்கரியது சேர் பொன்னம்பலம் இராமநாதனுடையது. சர்வசன வாக்குரிமையையும், சிறப்பாகப் பெண்களின் வாக்குரிமையையும் அவர் கடுமையாக எதிர்த்தார். மருதனார்மடத்தில் 1913ஆம் ஆண்டிற் பெண்களுக்கெனத் தனிக் கல்லூரி நிறுவியவரும் அவரே. பெண்கள் கற்கலாம், வாக்களித்தலாகாது என்னும் இந்நிலைப்பாடு இன்று முரணாகத் தோன்றினும், அன்றைய யாழ்ப்பாண உயர்குடியினரின் உலகநோக்கில் முரண் எதுவும் இருக்கவில்லை. கல்வி இல்லத்தை விளக்குவது. வாக்கு இல்லத்தைக் கலைப்பது என்பதே அவர்தம் கணிப்பு. இந்த எதிர்ப்பு தனிமனிதர் ஒருவரின் பழமைப்பற்று மட்டுமன்று. தாழ்த்தப்பட்டோரும் ஏழைகளும் வாக்காளராகி விடுவர் என்ற அச்சமும் அதனுட் பொதிந்திருந்தது. பெண்ணுக்கு மறுப்பதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களே கூலிக்கும் குடிமைக்கும் மறுப்பதற்கும் பயன்பட்டன.

1928ஆம் ஆண்டு யூலை மாதம் வெளிவந்த அறிக்கை, இருபத்தொரு வயதான ஆண்களுக்கும் முப்பது வயதான பெண்களுக்கும் வாக்குரிமையை விதந்துரைத்தது. இங்கிலாந்தில் 1918 முதல் நிலவிய வயது வேற்றுமை அது. அறிக்கை வெளிவந்த அதே மாதத்தில் இங்கிலாந்தே அதனைக் கைவிட்டது. இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தபோது இருபாலாருக்கும் வயது இருபத்தொன்றாகவே அமைந்தது. ஆனால் தோட்டத் தொழிலாளர் விடயத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. ஐந்தாண்டு வதிவு போதுமென்று ஆணைக்குழு கூறியிருக்க, கண்டிய, கரையோரச் சிங்களத் தலைவர்களின் எதிர்ப்பின் விளைவாக நிலையான குடியிருப்பு, எழுத்தறிவு, சொத்து அல்லது நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் என்னும் நிபந்தனைகள் புகுத்தப்பட்டன. 1929 டிசம்பரிற் சட்டநிரூபண சபை டொனமூர்த் திட்டத்தைப் பத்தொன்பதுக்குப் பதினேழு என்னும் வாக்குகளால், அதாவது இரண்டே வாக்குப் பெரும்பான்மையில், ஏற்றது. லயன் அறையில் வாழ்ந்து, கங்காணியின் கீழ்ச் செக்றோலிற் பெயர் பதியப்பட்ட பெண்ணொருத்திக்குச் சொத்துத் தகைமையோ எழுத்தறிவோ எங்கிருந்து வரும்? கோட்பாட்டளவில் அக்னஸின் விடை ஏற்கப்பட்டது. நடைமுறையிற் கதவு பாதியளவே திறந்தது.

1931ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிற் பெண் உறுப்பினர் எவரும் தெரிவாகவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ருவன்வெலைத் தொகுதி இடைத்தேர்தலில் அடலின் மொலமுறே வெற்றிபெற்று முதற் பெண் உறுப்பினரானார். அது அவர் தந்தையார் ஜே. எச். மீதெனியாவின் மறைவால் வெற்றிடமான ஆசனம். 1932 மே மாதத்தில் வட கொழும்புத் தொகுதியில் நேசம் சரவணமுத்து தெரிவானார். அது அவர் கணவர் வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து, தேர்தல் மனுவினால் இழந்த ஆசனம். அரசாங்க சபையில் அமர்ந்த முதற் தமிழ்ப் பெண்மணியான நேசம், 1936இல் மீண்டும் வென்று 1941இல் மறையும்வரை அத்தொகுதியைப் பிரதிநிதித்துவம் செய்தார் என்பதனாற் கணவரின் நிழல் என அவரைக் கூறிவிடுதல் நீதியாகாது. எனினும் கதவைத் திறந்தது உறவுமுறையே. இலங்கையின் அரசியலிற் பெண்கள் புகுந்த வழி இவ்விரு தேர்தல்களிலேயே வகுக்கப்பட்டுவிட்டது எனல் வேண்டும்.

இப்பின்னணியிற்றான் 1936ஆம் ஆண்டில் அக்னஸ் கலகெதரத் தொகுதியிற் போட்டியிட்டமை தனிக் கவனத்திற்குரியதாகின்றது. கண்டித் தொகுதி ஜோர்ஜ் டி சில்வாவினுடையது. அது வெற்றிடமாக இருக்கவில்லை. ஆகவே அக்னஸ் தந்தையின் ஆசனத்தையோ கணவரின் ஆசனத்தையோ பெறுவதற்குப் போட்டியிடவில்லை. தமக்கென்று ஓர் ஆசனத்தைக் கேட்டே கலகெதரவுக்குச் சென்றார்.

அத்தொகுதி எளிதானதன்று. கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் வீதியில், மலைநாடு தாழ்நிலத்தைத் தொடும் கணவாயில் அமைந்தது கலகெதர. கண்டி இராச்சியத்தின் வடமேற்கு வாயில் அது. 1803இல் மக்டோவலின் படை கண்டிக்கு ஏறியபோது கலகெதரவிலும் கிரிஹாகமவிலும் இருந்த காவலரண்களைக் கைப்பற்றியே ஏறியது. துன்பனைப் பகுதியின் சிங்களக் கிராமங்கள், நீண்டகாலமாக அங்கு வேரூன்றிய முஸ்லிம் குடியிருப்புகள், இடையிடையே தோட்டங்கள் என அமைந்த பிரதேசம். தேர்தலுக்குச் சற்று முன்னர், 1934 - 35இற் கேகாலை, குருநாகல் மாவட்டங்களை அழித்த மலேரியாக் கொள்ளைநோய் அயலிலே நிகழ்ந்தது. பழைய கண்டியக் குடும்பங்களின் செல்வாக்கு நிலவிய இக்கிராமங்களிற் பறங்கிப் பெண்ணொருவர், அதுவும் நகரத்திலிருந்து சென்றவர், வாக்குக் கேட்டார். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் வழங்கப்பட்டு, அந்நிறப் பெட்டியில் வாக்குச்சீட்டை இடும் முறையே அன்று நிலவியது. எழுத்தறியாத வாக்காளர், முதன்முறையாகச் சாவடிக்கு வந்த பெண்கள் உட்பட, நிறத்தை நோக்கியே வேட்பாளரை அறிந்தனர். அத்தேர்தலில் அக்னஸ் தோல்வியுற்றார். பின்னர் எத்தேர்தலின் பெறுபேற்றிலும் அவர் பெயர் முதன்மை பெறவில்லை.

மலைநாட்டில் இந்தியத் தொழிலாளரின் வாக்குப் பற்றிய வெறுப்பு முதிர்ந்துவந்த காலம் அது என்பதையும் மறத்தலாகாது. கலகெதரத் தேர்தலுக்கு அடுத்த ஆண்டு கொண்டுவரப்பட்ட கிராம சங்கச் சட்டத் திருத்தம், தோட்டத் தொழிலாளரைக் கிராம சபை வாக்காளர் இடாப்பிலிருந்து விலக்கிற்று. 1928இல் அக்னஸ் அளித்த விடை, 1936இற் கண்டியக் கிராமங்களில் வாக்குச் சேர்க்கும் விடையாக இருந்திருக்க முடியாது.

இனி மேற்கு ஆபிரிக்காவை நோக்கலாம். கலகெதரத் தேர்தல் நிகழ்ந்து இரண்டு ஆண்டின் பின், 1938இல், சியரா லியோனின் தலைநகரான பிரீடவுனின் மாநகர சபைக்குக் கொன்ஸ்டன்ஸ் கம்மிங்ஸ்-ஜோன் தெரிவானார். அவருக்கு அப்போது வயது இருபது. ஆபிரிக்காவின் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண் அவரே. ஆசிரியப் பயிற்சியை இலண்டனில் முடித்துத் தாயகம் திரும்பி, பெண்களுக்கான தொழிற்பாடசாலை ஒன்றின் தலைமையை ஏற்றிருந்த அவர், வாலஸ்-ஜோன்சனின் மேற்கு ஆபிரிக்க இளைஞர் கழகத்தின் வேட்பாளராக நின்றார். தந்தையோ கணவரோ விட்டுச்சென்ற ஆசனம் எதுவும் அங்கிருக்கவில்லை. அவருக்கு மக்களிடையே அறிமுகம் பெற்றுத்தந்தது பாடசாலையே. 1951இற் சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்களைத் திரட்டிச் சியரா லியோன் பெண்கள் இயக்கத்தை அமைத்தார். 1952இல் தாமே ஒரு பெண்கள் பாடசாலையைத் தொடங்கினார். 1966இல் பிரீடவுன் நகரபிதாவானார். அடுத்த ஆண்டு நிகழ்ந்த இராணுவப் புரட்சியால் நாட்டிற்குத் திரும்ப இயலாது போயிற்று.

இலங்கையிலும் இத்தகைய வழி முற்றாக இல்லாதிருக்கவில்லை. கனடாவிற் பிறந்து, வைத்தியராகப் பயின்று, 1896இல் இலங்கைக்கு வந்து, தமிழரான எஸ். சி. கே. ரட்ணத்தை மணந்த மேரி ரட்ணம் இங்கு நினைவுகூரத் தக்கவர். அவரும் வாக்குரிமைச் சங்கத்தின் தூண்களுள் ஒருவர். பெண்கள் பாடசாலைகளில் அறிவியல் என்னும் பெயரிற் பெரும்பாலும் சுகாதாரமும் தாவரவியலுமே கற்பிக்கப்பட்ட காலத்தில், அச்சுகாதாரப் பாடத்தையேனும் ஒழுங்காகக் கற்பித்தல் வேண்டுமென்று பாடசாலைகளுக்குரிய கைந்நூல்களை எழுதியவர் அவர். குடலைப்புழு, நுளம்பு, நீர், பால் ஆகியன பற்றிய எளிய அறிவே கிராமத்துப் பெண்ணின் முதல் விஞ்ஞானம் என்பது அவர் முயற்சிகளின் அடிப்படை. 1930களில் வளர்ந்த லங்கா மகிளா சமிதியின் மூலம் அவ்வறிவைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றார். 1937இற் கொழும்பு மாநகர சபைக்குப் பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து தெரிவாகி, அச்சபையின் முதற் பெண் உறுப்பினரானார். ஆனால் சட்ட நுணுக்கம் ஒன்றினால் அவ்வாசனத்தை விரைவில் இழந்தார். பாடசாலை வழியாக அரசியலுக்கு வந்த ஒருவர் இலங்கையிற் கண்ட முடிவு இது. 1958இல் அவருக்கு ரமோன் மக்சேசே விருது கிடைத்தது.

பாடசாலை வழி எவ்வளவு தொலைவுக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு கினி நாட்டின் ஜான் மார்ட்டின் சிசேயின் வாழ்க்கை சான்றாகும். 1926இல் கன்கான் நகரிற் பிறந்த அவர், செனகலில் ருபிஸ்க் என்னுமிடத்தில் 1938இற் பிரெஞ்சு ஆட்சி நிறுவிய பெண்கள் ஆசிரிய கலாசாலையிற் கற்றார். பிரெஞ்சு மேற்கு ஆபிரிக்கா முழுவதற்கும் ஒன்றாயிருந்த அக்கலாசாலையைக் குடியேற்ற ஆட்சியினர் தொடங்கிய நோக்கம் உயர்ந்ததன்று. ஆண்களுக்கான வில்லியம் பொன்ரி கலாசாலையிற் பயின்று வெளிவரும் எழுதுவினைஞர்க்கும் ஆசிரியர்க்கும் தக்க மனைவியரை உருவாக்குதலே அது. சுகாதாரம், குழந்தை வளர்ப்பு, தையல் என்பன பாடத்திட்டத்திற் பெரும்பங்கு வகித்தன. மருதனார்மடத்தை அறிந்தோர்க்கு இந்நோக்கம் புதிதாகத் தோன்றாது. ஆனால் அங்கு கற்ற பெண்கள் அந்நோக்கத்திற்குள் அடங்கவில்லை. பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற மரியாமா பாவும் அங்கு பயின்றவரே.

கினியின் முதற் பெண் ஆசிரியர்களுள் ஒருவராகப் பணிதொடங்கிய சிசே, 1940களின் பிற்பகுதியில் ஆபிரிக்க சனநாயகப் பேரணி என்னும் கட்சியிற் சேர்ந்தார். பிரெஞ்சு நாட்டுப் பெண்களுக்கே வாக்குரிமை 1944இற்றான் கிடைத்தது. 1945இற் செனகல் நகரங்களின் பெண்களை வாக்காளர் இடாப்பில் முதலில் விலக்கி, எதிர்ப்பு எழுந்தபின்னரே சேர்த்தனர். 1958இல் கினி சுதந்திரம் பெற்றபின் தேசிய சபையிலும், 1962இல் தாருஸ்ஸலாமில் உருவான ஆபிரிக்கப் பெண்கள் மாநாட்டின் செயலாளர் நாயகமாகவும் சிசே பணியாற்றினார். 1972இல் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கினியின் நிரந்தரப் பிரதிநிதியானார். பாதுகாப்புச் சபையின் தலைமை உறுப்பு நாடுகளின் ஆங்கிலப் பெயர் அகரவரிசைப்படி மாதந்தோறும் மாறுவது. அவ்வாண்டு நவம்பரில் அது கினிக்கு வந்தது. அத்தலைமை ஆசனத்தில் அமர்ந்த முதற் பெண் சிசே. அம்மாதம் 22ஆம் திகதி அவர் தலைமையில், அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவு ஆகியவற்றின் விடுதலை பற்றிப் போர்த்துக்கல் பேச்சுவார்த்தை நடத்துதல் வேண்டுமென்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இவ்வாழ்க்கையைப் புகழுரையாக மட்டும் எழுதுதல் வரலாறாகாது. கினியின் முதற் பெண் அமைச்சராயிருந்த லொபோ கமாரா, செக்கு தூரேயின் ஆட்சியில் 1971 சனவரியில் மரணதண்டனைக்கு உள்ளானார். ஆபிரிக்க ஒற்றுமை நிறுவனத்தின் முதற் செயலாளர் நாயகமான டியாலோ தெல்லி 1977இல் பொய்ரோ முகாமில் மடிந்தபோது, சிசே அதே அரசில் சமூகநல அமைச்சர். 1984இற் செக்கு தூரே இறந்தபின் நிகழ்ந்த இராணுவப் புரட்சியில் சிசேயும் ஓராண்டுக்கு மேலாகச் சிறையிருந்தார். 2017இல் கொனாக்ரியிற் காலமானார். நியூயோர்க்கில் ஆபிரிக்க மக்களின் விடுதலைக்காகப் பேசிய குரல், கொனாக்ரியில் அடைக்கப்பட்டோருக்காக எழவில்லை என்ற குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தல் அரிது.

இலங்கைப் பெண்களின் இராசதந்திரப் பிரவேசத்திற்கும் மேற்கு ஆபிரிக்காவுக்கும் ஒரு தொடர்புண்டு. 1960இல் உலகின் முதற் பெண் பிரதமராகப் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு, பெண்ணொருவரை முதன்முதலாக உயர்ஸ்தானிகராக அனுப்பியது 1963இல் கானாவுக்காகும். அங்கு சென்றவர் திருமதி சேனாரத்ன. சிறிமாவோ அரசியலுக்கு வந்த வழி கணவரின் கொலை என்பதை விளக்கத் தேவையில்லை. அக்னஸின் குடும்பத்திலோ தூதுவர் பதவி மகனுக்குக் கிடைத்தது. கண்டித் தொகுதியில் 1952இல் வென்ற பிரெட் ஈ. டி சில்வா பிற்காலத்திற் பிரான்சுக்கான தூதுவரானார். மகள்மார் இருவரும் வேறு துறைகளில் உலகறிந்தனர். 1918இற் பிறந்த மினட் டி சில்வா, 1948இற் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் அங்கம் பெற்ற முதல் ஆசியப் பெண். கண்டியில் வட்டப்புளுவை வீடமைப்புத் திட்டத்தை அங்கு குடியிருக்கப் போவோரின் கருத்தைக் கேட்டறிந்து வகுத்தவர். பின்னர் ஹொங்கொங் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர். மூத்தவரான அனில், முல்க் ராஜ் ஆனந்துடன் 1946இற் பம்பாயில் 'மார்க்' என்னும் கலைச் சஞ்சிகையைத் தொடங்கியோருள் ஒருவர். 1958இற் சீனாவின் மைஜிஷான் குகை ஓவியங்களை ஆராயச் சென்ற குழுவுக்குத் தலைமை தாங்கியவர். தாயாருக்கு அடைபட்ட வழிகளைப் பிள்ளைகள் கலையின் வழியாகத் திறந்தனர் என்று கொள்ளலாம்.

மீண்டும் கண்டிக்கு வருவோம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிற் பெண்கள் சார்பில் கிரியெல்லைத் தொகுதியிலிருந்து புளோரன்ஸ் சேனநாயக்கா பாராளுமன்றம் சென்றார். 1948இற் கணவர் பிலிப் இழந்த அவிசாவளை ஆசனத்தில் குசுமசிறி குணவர்த்தனா வென்றார். கண்டியில் நிகழ்ந்ததோ வியப்பிற்குரியது. 1947இல் வென்ற ஜோர்ஜ் டி சில்வா தேர்தல் மனுவினால் ஆசனத்தை இழந்தார். இடைத்தேர்தலில் ரி. பி. இலங்கரத்ன வென்று, அவரும் மனுவினால் இழந்தார். 1949இல் அவர் மனைவி தமரா குமாரி இலங்கரத்ன வென்று கண்டியின் பிரதிநிதியானார். கண்டித் தொகுதிக்கு ஒரு பெண் உறுப்பினர் கிடைத்துவிட்டார். அவரும் உறவுமுறை வகுத்த வழியிலேயே வந்தார்.

அதே 1949ஆம் ஆண்டிற்றான் 48ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டம் நிறைவேறியது. முந்திய ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் குடியுரிமை இழந்தோரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து அது நீக்கிற்று. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு உறுப்பினரைத் தெரிவுசெய்த மக்களுக்கு 1952இல் ஓர் உறுப்பினரும் இல்லை. ஆண் பெண் வேறுபாடின்றியே இப்பெயர்கள் நீக்கப்பட்டன. ஆயினும் தோட்டத்துக் கொழுந்து பறிப்போருள் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். கண்டியில் ஒரு பெண் பாராளுமன்றம் புகுந்த ஆண்டில், கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களின் பெண்கள் வாக்குச் சாவடியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பெண்களின் முன்னேற்றம் என ஒரே வரியில் இக்காலத்தை எழுதிவிடும் நூல்கள், இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஒரே பக்கத்தில் வைப்பதில்லை.

ஜோர்ஜ் டி சில்வா 1950இல் மறைந்தார். அக்னஸ் 1961இற் காலமானார். அப்போது, 1928இல் அவர் பெயர் சொல்லாது குறிப்பிட்ட அப்பெண்களுட் பெரும்பாலானோர் இலங்கையிலோ இந்தியாவிலோ வாக்குரிமை அற்றவர்களாக, நாடற்றோர் என்னும் புதுப்பெயருடன் இருந்தனர். 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களையும் அவர்தம் குடும்பங்களையும் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, 1,50,000 பின்னர் தீர்மானிக்கப்படும் எனக் கணக்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்க 1988இலும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினாலும் பாராளுமன்றம் ஏற்பாடு செய்தது. டொனமூர் பிரபுவின் வினாவுக்கும் அச்சட்டத்திற்கும் இடையே எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.